கூரை நம்முடையது, கம்பி ஊருடையது

வீட்டுக் கூரையில் சோலார் போட நினைப்பவர்களுக்கு இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கும். கரண்ட் போனால் தெருவே இருட்டில் கிடக்க, நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியும் என்ற நினைப்பு பொய்த்துப்போவது முதல் அதிர்ச்சி. பேட்டரி இல்லாமல், மின்கம்பியோடு இணைத்துப் போடும் சாதாரண அமைப்பில் அப்படி நடக்காது. வெளியே மின்சாரம் நின்றால் உச்சிவெயிலிலும் கூரை கைகட்டி நின்றுவிடும். இரண்டாவது அதிர்ச்சி, விண்ணப்பங்கள். சொந்தக் கூரை, சொந்தப் பணம், வெயிலோ யாருக்கும் சொந்தமில்லை, இதில் யாரைக் கேட்பது என்று தோன்றும். ஆனால் கேட்கத்தான் வேண்டும், அதுவும் பல இடங்களில் மூன்று நான்கு பேரை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பேனலின் ஒயர் மீட்டரோடு சேர்ந்த நிமிடமே வீடு ஒரு குட்டி மின் நிலையமாகிவிடுகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக மின்கம்பி ஒருவழிப் பாதையாகவே கட்டப்பட்டு வந்தது. பெரிய நிலையத்தில் உற்பத்தி, அங்கிருந்து துணைமின் நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், தெருக் கம்பம், கடைசியில் வீடு. அந்தப் பாதையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டப்போகிறேன் என்கிறோம். விதிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் பிறக்கிறது. கம்பியே வேண்டாம், பேட்டரி வைத்துக்கொண்டு தனியாகவே இருந்துகொள்கிறேன் என்பவரை மின் நிறுவனம் எட்டிக்கூடப் பார்க்காது. அவருடைய கூரையைப் பற்றி உள்ளாட்சி மட்டும் ஏதாவது கேட்கலாம்.

'அனுமதி' என்ற ஒற்றைச் சொல் இங்கே கொஞ்சம் குழப்பும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கவலையோடு வந்து நிற்கிறார்கள். கட்டடத்தைக் கவனிக்கும் உள்ளாட்சிக்குக் கூரையைப் பற்றிக் கவலை. தீயணைப்புத் துறைக்கு, தீப்பிடித்தால் தன் ஆட்கள் எங்கே கால் வைப்பார்கள் என்ற கவலை. மின் நிறுவனத்துக்குக் கம்பிக் கவலை. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கம். ஒருவர் தலையாட்டினார் என்பதற்காக அடுத்தவர் தலையாட்ட வேண்டியதில்லை. உள்ளாட்சி சரி என்றதும் பேனலை ஏற்றிவிட்டு, மின் நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தோடு மாட்டிக்கொள்வது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது.

காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்

முதலில் கூரையைப் பார்ப்போம். எல்லோரும் கேட்பது, "பாரம் தாங்குமா?" இன்றைய வீட்டு பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர் பரப்பும் 20 முதல் 25 கிலோ எடையும் இருக்கும். தாங்கி நிற்கும் சட்டகத்தையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. கான்கிரீட் தளத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நாலு பேர் கூடி நின்று பேசினாலே அதைவிட அதிகம். பழைய ஓட்டுக்கூரை, உளுத்த மரச்சட்டம், தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் கதை வேறு. அங்கே பொறியாளரின் கையெழுத்தைக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

உண்மையான எதிரி காற்று. சாய்த்து வைத்த பேனல் ஒரு முறம் மாதிரி. அடியில் புகும் காற்று தூக்கப் பார்க்கும், மேலே ஓடும் காற்று உறிஞ்சப் பார்க்கும். இந்த இழுப்பு கூரையின் நடுவில் குறைவு, ஓரங்களில் அதிகம், மூலைகளில் மிக அதிகம். விளிம்பிலிருந்து தள்ளி வை என்று பல ஊர்களின் விதிகள் சொல்வதற்கும், புயல் அடிக்கும் கடலோரங்களில் சட்டகத்துக்கும் போல்ட்டுக்கும் தனியாகக் கணக்கு கேட்பதற்கும் இதுதான் காரணம். தளத்தைத் துளைக்க மனமில்லாமல் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிப் பேனலை நிறுத்துவார்கள். காற்றை எதிர்க்கப் போடும் அந்தக் கட்டைகளின் எடை பேனல்களின் எடையையே மிஞ்சிவிடலாம். பாரம் தாங்குமா என்ற கேள்விக்கு உயிர் வருவது அப்போதுதான்.

உள்ளாட்சி விதிகளை நாடு நாடாகப் படித்தால் ஒரு கோடு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பேனல் கூரையோடு ஒட்டிக் கிடக்கிறதா, எழும்பி நிற்கிறதா என்பதுதான் அது. ஒட்டிக் கிடந்தால் பெரும்பாலும் தனி அனுமதியே வேண்டாம். எழும்பினால் அது 'கட்டுமானம்' ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் சாய்வான கூரையின் பரப்பிலிருந்து பேனல் 200 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தாத வரை திட்ட அனுமதி தேவையில்லை. தட்டையான கூரைகளுக்கு 2023 டிசம்பரில் இதைத் தளர்த்தி, 600 மில்லிமீட்டர் வரை எழும்பலாம் என்றார்கள். வரலாற்று மதிப்புள்ளவை என்று பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கு இந்தச் சலுகை செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும். மாடியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டகம் எழுப்பி அதன் மேல் பேனல் வைப்பவர்கள் இந்தக் கோட்டை ரொம்ப எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட உயரத்தில் அந்தச் சட்டகமும் சேருமா, சேராதா என்பதை ஒவ்வோர் ஊரின் விதியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். சிலவற்றில் தெளிவாக எழுதியே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வாய்வழிப் பதிலை நம்பாமல் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

அணைக்க முடியாத சாதனம்

வீட்டில் எந்த மின்சாதனத்தையும் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடலாம். பேனலை அணைக்க முடியாது. வெயில் பட்டால் அது மின்சாரம் தரும், அவ்வளவுதான். மெயினை இறக்கினாலும், கூரைக்கும் பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஓடும் ஒயரில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். வரிசையாகக் கோத்த பேனல்களில் அது பல நூறு வோல்ட். அமெரிக்க வீடுகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 600 வோல்ட். போதாக்குறைக்கு இது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் கம்பியில் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால், தளர்ந்த இணைப்பில் பொறி பறந்தாலும் அது தானே அணைந்துபோக வாய்ப்புண்டு. டிசிக்கு அந்த மூச்சுவிடும் இடைவெளி கிடையாது. பொறி பற்றிக்கொண்டால் வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஏணி வைத்துக் கூரையில் ஏறும் தீயணைப்பு வீரரின் இடத்தில் நின்று பாருங்கள். புகை வெளியேற அவர் கூரையைக் கோடரியால் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் உயிருள்ள ஒயர் இருக்கலாம். நடக்கும் இடமெல்லாம் வழுக்கும் கண்ணாடி. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டெலான்கோ என்ற ஊரில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்தது. கூரையில் 7,000க்கும் மேற்பட்ட பேனல்கள் இருந்தன. வீரர்களைக் கூரையில் ஏற்ற முடியாமல் வெளியிலிருந்தே போராட வேண்டியிருந்தது, கட்டடம் எரிந்து முடிந்தது. அது வீடல்ல என்றாலும், கூரை முழுக்கப் பேனல் என்றால் தீயணைப்புக்கு என்ன அர்த்தம் என்பதைப் பலருக்கும் புரியவைத்த சம்பவம் அது.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2014 பதிப்பிலேயே விரைவாக நிறுத்தும் வசதியைக் கட்டாயமாக்கியிருந்தது. 2017 பதிப்பு அதை இறுக்கியது. ஒரு சுவிட்சைத் தட்டினால் பேனல் வரிசைக்குள்ளேயே 30 விநாடிக்குள் மின்னழுத்தம் 80 வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும் என்றது. இதனால் ஒவ்வொரு பேனலின் முதுகிலும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி ஏற வேண்டியதாயிற்று. தீயணைப்பு விதிகள் தம் பங்குக்கு, கூரையின் அடிவிளிம்பிலிருந்து முகடு வரை 36 அங்குல நடைவழி விடச் சொல்கின்றன. சின்னக் கூரைக்காரருக்கு இது வலிக்கும். பத்து பேனல் பிடிக்கும் என்று கணக்குப் போட்ட இடத்தில் ஏழு எட்டோடு நிறுத்த வேண்டிவரலாம். ஆனாலும் இந்த விதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைசொல்ல வேண்டிய விதி வேறு இருக்கிறது. ஆஸ்திரேலியா 2012 தரநிலையில், கூரையிலேயே பேனலுக்குப் பக்கத்தில் ஒயரைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நோக்கம் தீயணைப்பு வீரரின் பாதுகாப்பு. நடந்தது தலைகீழ். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த அந்த பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது, உள்ளே டிசி பொறி பற்றியது. சோலார் தொடர்பான தீ விபத்துகளில் முக்கியக் குற்றவாளியாக அந்தச் சுவிட்சே வந்து நின்றது. கடைசியில் 2021 பதிப்பில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். காப்பாற்ற வைத்த பூட்டே வீட்டைக் கொளுத்திய கதை. இடையில் ஒன்பது வருடம் விதிப்படி நடந்த ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் அந்தப் பெட்டி ஏறியிருந்தது.

தெருக் கம்பியின் கணக்கு

கூரைக்கும் தீக்கும் உள்ள விதிகள் நம் வீட்டோடு முடிந்துவிடும். கம்பிக்கான விதிகள் அப்படி முடியாது, ஏனென்றால் அந்தக் கம்பியில் தெருவே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன முதல் அதிர்ச்சிக்கு வருவோம். ஒரு லைன்மேன் பழுதுபார்க்க மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். கீழே ஏதோ ஒரு வீட்டுக் கூரை கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால், அது டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கிப் போகும்போது பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும். சுற்றிலும் செத்த கம்பிகளுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் உயிரோடு இருப்பதைப் பொறியாளர்கள் 'தீவு' என்கிறார்கள். தீவு உண்டானால் இன்வெர்ட்டர் அதைத் தானே கண்டுபிடித்து 2 விநாடிக்குள் விலக வேண்டும் என்கிறது மின் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வகுத்த 1547 என்ற தரநிலை. மற்ற நாடுகளிலும் இதே மாதிரி விதிகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத இன்வெர்ட்டரை மின் நிறுவனம் திருப்பி அனுப்புவதற்கு இதுதான் முதல் காரணம். பேட்டரியும், வீட்டைக் கம்பியிலிருந்து முழுசாகத் துண்டிக்கும் சுவிட்சும் சேர்த்து வைத்தால் கரண்ட் போனபோதும் வீட்டை ஓட்டலாம். அதற்கு விண்ணப்பத்தில் வேறு வரைபடம் கேட்பார்கள்.

அடுத்தது மின்னழுத்தம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமானால் வீட்டு இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தைக் கம்பியைவிட ஒரு பிடி உயர்த்த வேண்டும். ஒரு வீடு செய்தால் தெரியாது. நண்பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு, வீடுகள் பூட்டிக் கிடக்க, இருபது கூரைகளும் சேர்ந்து தள்ளினால் தெருவின் மின்னழுத்தமே ஏறும். பெயரளவில் 230 வோல்ட் உள்ள இடங்களில் 10% கூடினால் 253. அந்த மாதிரி எல்லையைத் தொட்டதும் இன்வெர்ட்டர் தற்காப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டில்தான் இது முதலில் நடக்கும். நல்ல வெயில் நாளில் ஏன் உற்பத்தி குறைவு என்று பேனல் விற்றவரோடு சண்டை போடுபவர்களில் பலருக்கு உண்மையில் வழக்கு கம்பியோடுதான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொள்ளளவு உண்டு. ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் இவ்வளவு சோலார்தான் தாங்கும் என்று மின் நிறுவனம் ஒரு வரம்பு வைத்தால், பந்திக்கு முந்தியவருக்கு இலை கிடைக்கும். பிந்தியவருக்கு, டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் செலவில் பங்கு கொடு என்றோ, கம்பிக்குள் ஏற்றுமதி செய்யாமல் வீட்டுக்குள்ளேயே பயன்படுத்திக்கொள் என்றோ பதில் வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்தில் கிடைத்த அனுமதி நமக்கு மூன்று மாதமாகியும் வராததற்கு லஞ்சம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வோம். பல சமயம் அவர் நமக்கு முன்னால் வரிசையில் நின்றார் என்பதுதான் விஷயம்.

எல்லா வீட்டுக்கும் இந்த ஆய்வைச் செய்யத் தொடங்கினால் வேலை நகராது. அதனால் பல நாடுகள் ஓர் அளவுக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்கின்றன. பிரிட்டனில் ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர், அதாவது 3.68 கிலோவாட் வரை முதலில் பொருத்திவிட்டு 28 நாளுக்குள் தகவல் சொன்னால் போதும். அதற்கு மேலே போனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். இந்தியா 2024இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே வேண்டாம் என்றது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20 நாள் கெடுவை 15 நாளாகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை, 100 கிலோவாட் வரையிலான சிறிய அமைப்புகளுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

சின்னதுதானே என்று கண்ணை மூடுவதில் ஒரு பொறி உண்டு. ஜெர்மனி அதில் கால் வைத்தது. 2000களில் அங்கே ஒரு விதி இருந்தது. கம்பியின் அதிர்வெண், அதாவது ஏசி மின்சாரம் விநாடிக்கு அலையும் எண்ணிக்கை, வழக்கமான 50இலிருந்து ஏறி 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கூரை இன்வெர்ட்டர்கள் உடனே விலகிவிட வேண்டும். சோலார் சொற்பமாக இருந்தபோது எழுதப்பட்டது, அப்போது முழுக்கச் சரி. ஆனால் கூரைகள் பெருகிப் பல ஆயிரம் மெகாவாட் ஆனபிறகு கணக்கே மாறிப்போனது. அதிர்வெண் அந்தப் புள்ளியைத் தொட்ட நொடியில் லட்சக்கணக்கான கூரைகள் ஒரே நேரத்தில் விலகும். ஐரோப்பியக் கண்டத்தின் பொது மின்தொகுப்பு இப்படிப்பட்ட திடீர் இழப்புக்கு வைத்திருக்கும் உடனடிக் கையிருப்பு 3,000 மெகாவாட்தான். விதியை ஒழுங்காகப் பின்பற்றிய வீடுகளே சேர்ந்து கண்டத்தை இருட்டாக்கியிருக்கும். 2012இல் அரசாணை போட்டு, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3,15,000 அமைப்புகளின் இன்வெர்ட்டர்களை மாற்றியமைத்தார்கள். இப்போதைய விதி, அதிர்வெண் ஏற ஏறப் படிப்படியாகக் குறைத்துக்கொள் என்கிறது. ஆஸ்திரேலிய ஐசொலேட்டரும் இந்த 50.2உம் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் தெரிகின்றன.

இன்று கம்பி விதிகளின் போக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இவ்வளவுதான் போடலாம் என்று அளவைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக, எவ்வளவு வேண்டுமானாலும் போடு, தேவைப்பட்டால் நான் அணைப்பேன் என்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியா 2020 செப்டம்பர் முதல் புதிதாகப் போடும் ஒவ்வொரு கூரை அமைப்பும் தூரத்திலிருந்து அணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 2021 மார்ச்சில் முதன்முறையாக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். அங்கே விண்ணப்பிப்பவருக்கு இரண்டு வழி தருகிறார்கள். எப்போதும் 1.5 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றுமதி செய்யாதே என்ற நிலையான வரம்பு ஒன்று. சாதாரண நாட்களில் 10 கிலோவாட் வரை அனுப்பலாம், கம்பி நெரிசலான நேரத்தில் நாங்கள் குறைப்போம் என்பது இன்னொன்று. சும்மா கணக்குப் பார்த்தாலே இரண்டாவதுதான் லாபம். ஆனால் நம் கூரையின் சுவிட்ச் இன்னொருவர் கையில் என்ற உறுத்தல் எல்லோருக்கும் எளிதில் போகாது.

அந்தச் சுவிட்ச் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்காகத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன, மின்தேவை சரிந்திருந்தது, வெயிலோ கொளுத்தியது. கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை தாங்களாகவே அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. வேண்டுகோள் மட்டும்தான், வேறு வழி அதனிடம் இல்லை.

மீட்டர் யார் பக்கம்

இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு சேர்த்துப் பணக்கணக்கையும் ஒப்புக்கொள்கிறோம். பலர் இந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

பழைய சுழல்தட்டு மீட்டரில் மின்சாரம் எதிர்த்திசையில் போனால் தட்டும் எதிர்த்திசையில் சுற்றும். கொடுத்ததும் வாங்கியதும் தானாகவே கழிந்துபோகும். நெட் மீட்டரிங் என்பது அந்த இயற்கையான கழித்தலைச் சட்டமாக்கியதுதான். 1983இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் அதற்கு முதல் சட்டம் இயற்றியது. கொடுக்கும் யூனிட்டும் வாங்கும் யூனிட்டும் ஒரே மதிப்பு என்பது மக்களுக்கு எளிதில் புரிந்தது, சோலாரும் பரவியது. பரவியபிறகு சிக்கல் வந்தது. நண்பகலில் எல்லோரும் கொடுக்கும் யூனிட்டுக்கும் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் கேட்கும் யூனிட்டுக்கும் மின் நிறுவனத்தின் கணக்கில் ஒரே விலை கிடையாது.

அதனால் சோலார் அதிகம் பரவிய இடங்களில் இந்தச் சமன்பாட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு ஏற்றுமதி மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு குறைந்தது. அதற்கு முந்தின நாள் வரை விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கு 20 வருடம் தொடரும். ஒரு தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவேறு விதி. நெதர்லாந்து தன் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பை 2027 ஜனவரி 1இல் நிறுத்துகிறது. ஸ்பெயின் 2015இல் இன்னும் ஒருபடி மேலே போய், தானே உற்பத்தி செய்து தானே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் கட்டணம் விதிக்கும் ஆணையைக் கொண்டுவந்தது. மக்கள் அதற்கு 'சூரிய வரி' என்று பெயர் வைத்தார்கள். 2018 அக்டோபரில் அது நீக்கப்பட்டது. ஆக ஒப்பந்தத்தில் தேட வேண்டிய முக்கியமான வரி, இன்றைய விலை எவ்வளவு என்பதைவிட, இந்த விலை எத்தனை வருடத்துக்கு உறுதி என்பது.

நிழலும் அண்டையும்

அரசும் மின் நிறுவனமும் சம்மதித்தபிறகு பக்கத்து வீட்டு மரம் வந்து நிற்கும். கலிபோர்னியாவில் 1978இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் இடையில் அடுத்தவர் பேனலின் 10%க்கு மேல் மரநிழல் விழக்கூடாது. சன்னிவேல் நகரில் ஒரு தம்பதி வளர்த்த ரெட்வுட் என்ற உயர்ந்த மரங்கள் அண்டை வீட்டு பேனல் மேல் நிழல் வீழ்த்தின என்று 2007 கடைசியில் அவர்கள் குற்றவாளிகள் என்றே தீர்ப்பாகிவிட்டது. மரங்களோ பேனலுக்கு முன்பே நட்டவை. ஊரே இதைப் பேசியது. மறு வருடமே சட்டத்தைத் திருத்தி, பேனலுக்கு முன்பே இருந்த மரத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். எல்லா நாட்டிலும் இப்படிச் சட்டம் கிடையாது. பெரும்பாலான இடங்களில், பக்கத்து மனையில் நாளை மூன்று மாடி எழும்பினால் நமக்கு வெயில் கேட்கும் உரிமை இல்லை.

அடுக்குமாடியில் சிக்கல் வேறு மாதிரி. கூரை எல்லோருக்கும் பொது, அதில் ஒருவர் மட்டும் இடம்பிடிக்க மற்றவர்களின் சம்மதம் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஜெர்மனி இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பால்கனிக் கைப்பிடியில் இரண்டு பேனலைத் தொங்கவிட்டு பிளக் பாயின்டில் செருகிவிடுகிறார்கள். 2024 மே மாதம் இதற்கான இன்வெர்ட்டர் வரம்பை 600இலிருந்து 800 வோல்ட் ஆம்பியராக உயர்த்தினார்கள். மின் நிறுவனத்தைத் தனியாகக் கேட்க வேண்டாம், அரசின் இணையப் பதிவேட்டில் பதிந்தால் போதும். அதே வருடம் அக்டோபரில், வீட்டு உரிமையாளரும் குடியிருப்போர் சங்கமும் தக்க காரணமில்லாமல் மறுக்க முடியாதபடி சட்டம் மாறியது.

ஊருக்கு ஊர் விதி மாறுவதும் ஒரு செலவு. அமெரிக்காவில் கட்டட அனுமதி தரும் உள்ளாட்சிகள் சுமார் 18,000 என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். இந்தச் சிக்கலைக் குறைக்க அந்நாட்டின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் உருவாக்கிய சோலார்ஆப் பிளஸ் என்ற மென்பொருள் 2021இல் வந்தது. வரைபடத்தை ஏற்றினால் விதியோடு ஒப்பிட்டு அப்போதே அனுமதி தருகிறது. 2022இல் கலிபோர்னியா தன் நகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப்பட்ட தானியங்கி அனுமதியைக் கட்டாயமாக்கியது. அங்கே 2020 முதல் புதிய வீடுகளில் சோலார் இருந்தே ஆக வேண்டும். டோக்கியோவில் 2025 ஏப்ரல் முதல் பெரிய கட்டுமான நிறுவனங்கள் கட்டும் புதிய வீடுகளுக்கும் அப்படியே.

நடைமுறைக்கு வந்தால், வரிசை முக்கியம். முதலில் மின் நிறுவனத்திடம் நம் டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா என்று கேட்பது, அப்புறம் கூரை, அதன்பிறகே பேனலுக்கு முன்பணம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் முதலில் வீட்டுக்கு வருபவர் விற்பனையாளர். எல்லாம் பொருத்தி முடித்தபிறகு ஆய்வாளர் வந்து பார்ப்பார், எர்த்திங்கைச் சோதிப்பார், இருவழி மீட்டர் மாட்டப்படும். இந்தக் கடைசிக் கட்டத்தில் சில வாரம் காத்திருக்க நேரலாம். கூரையில் வெயில் வீணாகிறதே என்று சிலர் பொறுமை இழந்து, மீட்டர் மாற்றும் முன்பே இன்வெர்ட்டரைத் தட்டிவிடுவார்கள். பழைய சுழல்தட்டு மீட்டராக இருந்தால் அது பின்னோக்கிச் சுற்றியிருக்கும். ஆனால் பல மின்னணு மீட்டர்களுக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் அவை கூட்டத்தான் செய்யும். கம்பிக்குக் கொடுத்த யூனிட்டையும் வாங்கியதாகக் கணக்கில் சேர்த்து, சோலார் போட்ட முதல் மாதத்தில் பில் கூடுதலாக வந்து நிற்கும்.